டியூனிங்குக்கு இரட்டைக் கூலியா?

கேள்வி: மாமனார் வாங்கிய அப்ரைட் பியானோ எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் காலமான பிறகு 14 வருஷமாக யாரும் தொடவில்லை. மகள் வகுப்பில் சேர்ந்திருப்பதால் டியூனரைக் கூப்பிட்டோம். போனில் 3,500 ரூபாய் என்றவர், நேரில் பார்த்ததும் 6,000 ஆகும், ஒரு மாதத்தில் மறுபடியும் டியூன் செய்யவேண்டும் என்கிறார். கம்பி அறுந்தால் பொறுப்பில்லையாம். ஏமாற்றுகிறாரா?
- வாசகி, வேப்பேரி, சென்னை

பதில்: இல்லை சகோதரி. ஒரே நாளில் இரண்டு முறை டியூன் செய்யப் போகிறார், அதற்கான கூலியைத்தான் கேட்கிறார். ஆனால் அதை உங்களுக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும்.

இதுபோன்ற வீடுகளில் நான் கருவியைத் தொடுமுன் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைப்பேன். நடு 'ஏ' கட்டையை அழுத்தி, போனில் உள்ள டியூனர் செயலியைக் காட்டுவேன். 440 (வினாடிக்கு இத்தனை அதிர்வு) காட்ட வேண்டிய இடத்தில் 425 காட்டும். அதாவது அரை ஸ்வரத்தில் பாதிக்கும் மேல் சுருதி இறங்கியிருக்கிறது. அந்த ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. இரண்டை ரப்பர் ஆப்பு வைத்து அடக்கிவிட்டு, மூன்றாவதை லீவரால் முறுக்கி 440-க்குக் கொண்டுவருவேன். பிறகு மற்ற கட்டைகளையும் ஏற்றிவிட்டு, முதலில் ஏற்றிய அந்தக் கம்பியை மறுபடி தட்டிக் காட்டுவேன். 436-இல் நிற்கும்! இதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் என்னிடம் பேரம் பேசியதில்லை.

கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டியவர்களுக்கு இது தெரியும்: ஒரு கயிற்றை இறுக்கினால் முன்பு இறுக்கியது தளரும். தம்புராவில் நான்கு கம்பி, பியானோவில் சுமார் 230. எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 18 டன் அளவில் இருக்கும். 425-லிருந்து 440-க்கு ஏற்றினால் அதில் ஒரு டன்னுக்கும் மேல் கூடும். அந்தப் பாரம் பிரிட்ஜ் (கம்பிகள் அழுந்தி நிற்கும் மரத்துண்டு) வழியாகப் பின்னாலுள்ள சவுண்டு போர்டை, அதாவது ஒலிப்பலகையை, அமுக்கும். பலகை அமுங்க அமுங்க, ஏற்கெனவே ஏற்றிய கம்பிகள் இறங்கும். அதனால் முதல் சுற்றில் வேண்டுமென்றே 444 வரை ஏற்றிவைத்து, அது இறங்கி வந்த பிறகு இரண்டாம் சுற்றில்தான் நிஜமான டியூனிங். அதன் பிறகும் கம்பி சில வாரம் நெகிழும். மறுபடி வருவதற்கு அதுவே காரணம்.

கம்பி விஷயத்திலும் அவர் சொன்னது நியாயம். சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். தொழிலுக்கு வந்த புதிதில், துருப்பிடித்த பேஸ் (கீழ் ஸ்வர) கம்பி ஒன்றை எதுவும் சொல்லாமல் முறுக்கினேன், 'பட்'டென்று அறுந்தது. அந்த வீட்டுப் பெரியவர் என்னைத் திட்டவில்லை, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். இன்றும் அது மனதில் உறுத்துகிறது. அறுந்தால் புதுக் கம்பிக்கு என்ன விலை என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்குமுன் இன்னொன்றும் கேளுங்கள்: டியூனிங் பின்கள் (கம்பி முனை சுற்றியிருக்கும் ஆணிகள்) இறுக்கமாக இருக்கின்றனவா? அவை மரத்தில் பிடிப்பின்றிச் சுழன்றால் 6,000 ரூபாயும் வீண். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சுருதியை ஏற்றாமல், இருக்கும் 425-லேயே கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடலாம், செலவு குறையும். அலங்காரத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு அது போதும். உங்கள் மகளுக்கு வேண்டாம். வகுப்பில் ஒரு சுருதி, வீட்டில் ஒரு சுருதி கேட்டால் பிள்ளையின் காது குழம்பும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பியானோவின் மேல் தண்ணீரோடு ஒரு பூச்சாடி தெரிகிறது. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மூடியின் இடுக்கில் தண்ணீர் இறங்கினால் நேரே விழுவது அந்தப் பின்கள் மேல்தான்.