யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே சுயாதீன கியூரேட்டராக முடியுமா?

"கியூரேட்டர் என்றால் படம் மாட்டுகிற ஆள்தானே, அதை யாழ்ப்பாணத்தில் இருந்தே செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கியூரேட்டர் என்பவர் கலைக்காட்சியைத் திட்டமிட்டு உருவாக்குபவர்; மாட்டுவது கடைசி நாள் வேலை. அதற்கு முன் எந்தப் படைப்புகள், எந்த வரிசை, ஏன் இந்த இடம் என்று யோசிப்பது, கலைஞரோடு மாதக்கணக்கில் பேசுவது, காட்சிக்கான குறிப்பு எழுதுவது, காசு தேடுவது எல்லாம் உண்டு. காசு தேடுவதுதான் பாதி வேலை என்பேன்!

சுயாதீனம் என்றால் மாதச் சம்பளம் இல்லை. ஒவ்வொரு காட்சிக்கும் தனி ஒப்பந்தம், தனி நிதி. இடையில் கற்பித்தல், மொழிபெயர்ப்பு என்று ஏதாவது கைவசம் இருக்கட்டும்.

கியூரேட்டர் ஷர்மினி பெரேராவைப் பாருங்கள். சுயாதீனமாக இயங்கி, ரேக்கிங் லீவ்ஸ் என்ற பதிப்பு அமைப்பைத் தொடங்கினார். 2019இல் கொழும்பில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குத் தலைமை கியூரேட்டரானார். அவரைப் பொறுத்தவரை புத்தகமும் ஒரு காட்சிக்கூடம்தான்.

யாழ்ப்பாணத்தில் பெரிய காட்சிக்கூடங்கள் குறைவு. சரி, நாற்சார் வீட்டு முற்றம் போதாதா? ஆனால் மழைக்காலத்தில் ஈரம் கடதாசி ஓவியத்தைத் தின்றுவிடும், கவனம். பல்கலைக்கழக நுண்கலைத் துறை மாணவர் இருவரோடு, பத்துப் படைப்புகளோடு தொடங்குங்கள். குறிப்பை முதலில் தமிழில் எழுதுங்கள்.