சிறப்புச் செவிலியர்: எந்த நாட்டில் என்ன அதிகாரம்? கேள்வி பதில்

பதினைந்து வருடம் ஐசியுவில் வேலை பார்த்தவள், இப்போது செவிலியர் படிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சிஸ்டர், ஸ்பெஷலிஸ்ட் நர்ஸும் நர்ஸ் பிராக்டிஷனரும் ஒன்றுதானா?

இல்லைம்மா. ஸ்பெஷலிஸ்ட் என்பவர் புற்றுநோய், நீரிழிவு, புண் பராமரிப்பு என ஒரு துறையில் ஆழமாகப் போனவர். பிராக்டிஷனர் நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதுவார். 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இதற்கான முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் ஆக ஆசை, அக்கா. எங்கே முடியும்?

மூன்று நாடுகளைச் சொல்கிறேன், வித்தியாசம் உங்களுக்கே புரியும். அமெரிக்காவில் இது முழுத் தொழில். தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஒரு வருட அனுபவம் வேண்டும். அப்புறம் மூன்று வருடப் படிப்பு. 2022 முதல் சேருகிறவர்கள் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும். மருத்துவர் மேற்பார்வை வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் மேற்பார்வை விதியிலிருந்து மாநிலங்கள் விலகலாம் என்று 2001இல் வழி திறந்தபோது முதலில் விலகியது அயோவா.

ஸ்வீடனில் அடிப்படைப் பட்டத்துக்கு மேல் ஒரு வருடச் சிறப்புப் படிப்பு. மயக்க மருந்து மருத்துவரோடு குழுவாக வேலை பார்ப்பார்கள். பிரிட்டனிலோ, அதே திறமையுள்ள செவிலியர் மயக்க மருந்து மருத்துவருக்கு உதவியாளராகத்தான் நிற்க முடியும். எத்தனை வருடம் அனுபவம் இருந்தாலும் சட்டம் விட்ட அளவுதான் கை நீளும். இடம் மாறிப்போகிற நல்ல செவிலியர்கள் மனமுடைந்து போவது பெரும்பாலும் இதை முன்னமே யாரும் சொல்லாததால்தான்.

பிரிட்டனில் 'அட்வான்ஸ்டு நர்ஸ் பிராக்டிஷனர்' என்று வேலை விளம்பரம் வருகிறதே, நம்பலாமா?

வேலை உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது. 'ரெஜிஸ்டர்டு நர்ஸ்' என்ற பெயருக்குத்தான் உண்டு. ஆகவே வேலையின் பொறுப்புகளை வரி வரியாகப் படியுங்கள். மருந்து எழுதும் உரிமை மட்டும் அங்கே தெளிவாக இருக்கிறது. தனிப் படிப்பு முடித்து, செவிலியர் கவுன்சில் பதிவேட்டில் அதைக் குறிக்க வேண்டும். 2006 முதல் அப்படிப்பட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லா மருந்துகளையும் எழுதலாம்.

எம்.எஸ்ஸி. நர்சிங் முடித்திருக்கிறேன். வெளிநாட்டில் நேராக ஸ்பெஷலிஸ்ட் ஆகலாமா?

முடியாது தம்பி. இதைச் சொல்லாமல் பணம் வாங்குகிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். முதலில் அந்த நாட்டில் பொதுச் செவிலியராகப் பதிவாக வேண்டும். அமெரிக்காவில் என்கிளெக்ஸ் தேர்வு. பிரிட்டனில் கணினித் தேர்வும் அப்புறம் செய்முறைத் தேர்வும். சிறப்பு நிலையெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆஸ்திரேலியாவில் நர்ஸ் பிராக்டிஷனர் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். அதற்கு உரிய முதுநிலைப் படிப்போடு, கடந்த ஆறு வருடங்களுக்குள் 5,000 மணி நேரம் உயர்நிலைப் பணி செய்ததைக் காட்ட வேண்டும். உங்கள் எம்.எஸ்ஸி. வீண் இல்லை. பாடத்திட்டத்தையும் பயிற்சி நேரக் கணக்கையும் கல்லூரியிலிருந்து இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அலைய வேண்டிவரும்.

இந்தியாவிலேயே வாய்ப்பு இல்லையா?

இருக்கிறது. தீவிர சிகிச்சைக்கான இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்தது. இயல்பான பிரசவங்களைப் பார்க்க 18 மாத மிட்வைஃப் பயிற்சியும் உண்டு. படிப்பு நல்ல படிப்பு. அதற்கு ஈடான பதவியும் சம்பளமும் எல்லா மருத்துவமனையிலும் இல்லை என்பதுதான் என் வருத்தம். சேருவதற்கு முன், படித்து முடித்த ஒருவரைத் தேடிப் பிடித்து இப்போது என்ன பதவியில் இருக்கிறார், எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று கேளுங்கள்.