கோபம் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம்: மனநல ஆலோசகர் பதில்கள்

திருப்பூர், பனியன் கம்பெனி சூப்பர்வைசர்: சரக்கு வாங்குகிற பையர் பீஸைத் திருப்பி அனுப்பினால் முதலாளி என்னைத் திட்டுகிறார். வீட்டுக்கு வந்து, செருப்பை நடுவாசலில் விட்டான் என்று பையனை அறைகிறேன். ஏனுங்க இப்படி?

முதலாளியிடம் எதிர்த்துப் பேசினால் வேலை போகும். பையன் திருப்பி அடிக்கமாட்டான். அவ்வளவுதாங்க கணக்கு. 1939-லேயே யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் டொலார்டும் கூட இருந்தவர்களும் இதை எழுதிவிட்டார்கள்: உரியவர் மேல் காட்டப் பயந்த கோபம் வேறு ஆளைத் தேடிப் போகும். ஆனால் பையனும் ஏதோ செய்திருக்கிறான் பாருங்கள், மற்ற நாளாக இருந்தால் ஒரு அதட்டலோடு போயிருக்கும். சின்னச் சாக்கு கிடைத்ததும் பழைய பாக்கியும் சேர்ந்து விழுகிறது. அதனால்தான் அடிக்கிற நேரத்தில் நியாயமாகவே தோன்றும். "கம்பெனிக் கோபத்தை உன்மேல காட்டிட்டேன் கண்ணு" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தப்பு முழுக்கத் தன்னுடையது என்றே நினைத்துக்கொள்வான்.

சோமனூர், தறிக்காரர்: நெய்வதற்குப் பாவு நூல் கொடுப்பவர் கூலியை இழுத்தடிக்கிறார். தலையணையைக் குத்தினால் கோபம் ஆறுமாமே?

ஆறாது. 2002-ல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 600 மாணவர்களைச் சோதித்தார். அவர்கள் எழுதிய கட்டுரையை மட்டம்தட்டிக் கோபமூட்டினார். சிலர் மட்டம்தட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தினார்கள், சிலர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள், சிலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம். பிறகு மட்டம்தட்டியவரைத் தாக்க வாய்ப்பு கொடுத்தபோது, சும்மா இருந்தவர்கள்தான் குறைவாகத் தாக்கினார்கள். வண்டியில் வரும்போது அதே சண்டையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே வருகிறோமே, அதுதான் வினை. வழியில் பேக்கரியில் நின்று டீ குடியுங்கள். அங்கேயும் அந்தக் கதையை ஆரம்பித்துவிடாதீர்கள்.

பொள்ளாச்சி: தேங்காய் விலை இறங்கினால் அப்பா நாயை உதைக்கிறார். நாய்க்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். அதுவும் அவரை விட்டுவிட்டுப் பால்காரரைக் கடிக்கும்.

கோபி, மருமகள்: வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்டுவிட்டு வந்து, குழம்பில் உப்பில்லை என்று மாமனார் கத்துகிறார். நான் என்ன செய்ய?

உப்பைப் பற்றி வாதாடாதீர்கள், ஜெயித்தாலும் பயனில்லை. "தண்ணி விடறதுல ஏதாச்சும் பிரச்சனைங்களா மாமா?" என்று கேட்டுப் பாருங்கள். சில நேரம் பேச்சு அங்கே திரும்பிவிடும். எல்லா நாளும் கேட்கவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "அப்புறம் பேசலாங்க மாமா" என்று எழுந்து போகலாம். கை நீட்டினால் இந்த யோசனையெல்லாம் வேண்டாம், பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.