'பாலியேட்டிவ்' என்று எழுதினால் கைவிட்டதாக அர்த்தமா?

கேள்வி: டாக்டர், என் மாமனாருக்குப் பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. போன மாதம் குடல் அடைத்து ஓயாத வாந்தி. ஆபரேஷன் செய்து வயிற்றில் பை வைத்து அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பாலியேட்டிவ் சர்ஜரி' என்று இருக்கிறது. இனி வைத்தியமே கிடையாது என்கிறார் கொழுந்தனார். கீமோ கொடுக்க முடியாதா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கொழுந்தனார் அவசரப்படுகிறார் அம்மா. பாலியேட்டிவ் என்றால் தொல்லையைத் தணிப்பது. அந்த வரி ஆபரேஷன் எதற்கு என்பதைத்தான் சொல்கிறது, மாமனார் எத்தனை நாள் இருப்பார் என்பதை அல்ல. கட்டியை எடுப்பது அங்கே நோக்கமில்லை, மலம் வெளியேற வேறு வழி செய்து வாந்தியை நிறுத்துவதுதான். அப்புறம் சாப்பிட்டுத் தெம்பு வந்தபிறகு கீமோ ஆரம்பிக்கிறவர்கள் நிறையப் பேர். அவருக்குத் தாங்குமா என்பதை நடமாட்டத்தையும் கல்லீரல் நிலையையும் பார்த்துப் புற்றுநோய் மருத்துவர் சொல்வார்.

குழப்பத்துக்கு எங்கள் ஆட்களும் காரணம். முழுதாக எடுத்துவிடலாம் என்று வயிற்றைத் திறந்து, முடியாமல் கொஞ்சம் கட்டியை விட்டுவிட்டு மூடினாலும் சிலர் இதே பெயரை எழுதிவிடுகிறார்கள். அது நினைத்தது நடக்காத ஆபரேஷன், அதைப் பாலியேட்டிவ் என்பது தப்பு என்பேன்.

பாலியேட்டிவ் கேர் வேறு. வலி, வாந்தி, தூக்கம், மனக்கஷ்டம், வீட்டாரின் தவிப்பு எல்லாவற்றையும் ஒரு குழு பார்த்துக்கொள்வது அது, நோய் தெரிந்த அன்றே கீமோவோடு சேர்த்துத் தொடங்கலாம். 2010-ல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் இதை ஆரம்பத்திலேயே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி இருந்தார்கள்) 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. கடைசிக் காலத்துக்கென்று இருக்கும் ஹாஸ்பிஸ் இதில் ஒரு பகுதிதான். (1970-களில் பாலியேட்டிவ் கேர் என்ற பெயரைக் கொண்டுவந்த கனடாவின் மான்ட்ரியல் நகர டாக்டர் பால்ஃபோர் மவுன்டும் ஒரு சர்ஜன்தான்!)

எந்த ஆபரேஷனுக்கும் கையெழுத்துப் போடுமுன், "இதனால் எது சரியாகும், எது ஆகாது?" என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கைக்குழந்தைக்கு இதயக் குறைபாடு, உடம்பு நீலம் பாரிக்கிறது. 'பாலியேட்டிவ் ஷன்ட்' வைக்கலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
- வாசகர், கரூர்

பதில்: இங்கே அந்தச் சொல்லுக்குச் சாவோடு சம்பந்தமே இல்லை. நுரையீரலுக்குக் கூடுதலாக ரத்தம் போக ஒரு குழாய் இணைப்பு, அவ்வளவுதான். 1944-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தொடங்கிய முறை. குழந்தை வளர்ந்ததும் பெரும்பாலும் அடுத்த ஆபரேஷன் இருக்கும். அது எப்போது என்று இப்போதே கேட்டு வையுங்கள், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.