தாஜ் மஹாலின் அண்மைக் கூட்டுப் பதிவுகளில் எதை முதலில் கேட்கலாம்?

சுங்கை சிப்புட்டில் கித்தார் பழகிவரும் தாங்கள், ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை) கலைஞர் தாஜ் மஹால் அண்மைக் காலத்தில் பிறரோடு இணைந்து பதிவு செய்தவற்றுள் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். 2022இல் கித்தார் கலைஞர் ரை கூடருடன் அவர் வெளியிட்ட ‘கெட் ஆன் போர்ட்’ என்ற இசைத்தொகுப்பே என் உறுதியான பரிந்துரை. 1960களில் ‘ரைசிங் சன்ஸ்’ என்ற குழுவில் ஒன்றாக வாசித்த இருவரும் அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் கூடி, சன்னி டெரி, பிரவுனி மெக்கீ என்ற பழைய ப்ளூஸ் இசை இரட்டையரின் பாடல்களைக் கூடரின் மகன் வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்தார்கள். கிராமி விருதும் கிடைத்தது. ஹார்மோனிகா ஒரு வரியை இழுத்து நிறுத்த, கித்தார் அதற்கு மறுமொழி தருவதைக் கவனியுங்கள். நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமியும் மற்ற மேளங்களும் பேசிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது விரைவில் பிடிபடும். குரலின் கரகரப்பை மெருகேற்றாமல் விட்டிருப்பதே அதன் பெருமை என்பேன்.

ஜாஸ் பக்கம் விருப்பமிருந்தால், ஸ்விங் என்ற நடன ஜாஸ் கோலோச்சிய காலத்துப் பாடல்களைக் கொண்ட ‘சவாய்’ (2023) உண்டு. நியூயார்க்கின் ஹார்லெமில் தாஜ் மஹாலின் பெற்றோர் சந்தித்த நடன மண்டபத்தின் பெயர் அது. ப்ளூஸ் கலைஞர் கெப் மோவுடன் செய்த ‘தாஜ்மோ’ (2017), ‘ரூம் ஆன் தி போர்ச்’ (2025) ஆகியவை இன்னும் இலகுவானவை. பழையதாயினும், சித்திரவீணை ரவிகிரணும் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் அவரோடு வாசித்த ‘மும்தாஜ் மஹால்’ (1995) தொகுப்பைத் தமிழர் எவரும் தவறவிடலாகாது.