அப்பத்தா தைத்த பதிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திருமங்கலத்தில் இருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பழைய தமிழ்த் துப்பறியும் நாவல்களின் முதற்பதிப்புகளைச் சேர்க்கிறேன். இதுவரை 140 சேர்ந்திருக்கின்றன. சென்ற மாதம் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’ முதற்பதிப்பை 6,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். படங்களை இணைத்திருக்கிறேன். தாள் பொடிகிறது, பக்கம் பக்கமாக லேமினேட் செய்துவிடலாமா? வெளிநாட்டில் ஷெர்லக் ஹோம்ஸ் முதற்பதிப்பை எப்படிப் போற்றுகிறார்கள்! நம்மவர்களுக்கு ஏன் அந்த அருமை தெரியவில்லை? நான் பேரப்பிள்ளைகளைக்கூட அலமாரிப் பக்கம் விடுவதில்லை.

க.

அன்புள்ள க.,

பழைய புத்தகத்துக்கு விலை விசாரித்து வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

லேமினேட் செய்யாதீர்கள். ரேஷன் கார்டா அது? ஒருமுறை ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது. வெயில் படாத, ஈரம் தங்காத இடத்தில் வையுங்கள், போதும்.

அடுத்து, அது முதற்பதிப்பு இல்லை. உங்கள் படத்தைப் பார்த்த அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. விலை ரூ. 4.50 என்று இருக்கிறது. நம் ஊரில் நயாபைசா வந்ததே 1957 ஏப்ரலில்தான். அதற்கு முன்பு என்றால் ரூபாய், அணா, பை என்று கோடு போட்டு எழுதியிருப்பார்கள். வெளியீட்டாளர் முகவரியில் சென்னை-600 017. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. எழுத்தைப் பாருங்கள், ‘லை’ இன்னும் யானைத் துதிக்கையோடு நிற்கிறது. அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது 1978இல். ஆக, எழுபதுகளில் அச்சான பிரதி. ஐயங்கார் காலமானது 1942இல். ‘முதற்பதிப்பு’ என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். ஒவ்வொரு பதிப்பகமும் தான் முதலில் போடுவதை முதற்பதிப்பு என்றுதான் அச்சடிக்கும். 140 துப்பறியும் நாவல் வைத்திருக்கிறீர்கள், ஒரு துப்புக்கூடக் கண்ணில் படவில்லையா? அந்த நாவலில் துப்பறிகிற திகம்பர சாமியார் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

பணம் போனது போகட்டும். நல்ல கதை, படியுங்கள்.

வெளிநாட்டு அருமை பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஹோம்ஸ் முதலில் தலைகாட்டியது தனிப் புத்தகத்தில் இல்லை. 1887இல் ஒரு ஷில்லிங்குக்கு விற்ற கிறிஸ்துமஸ் மலரில். கானன் டாயிலுக்கு அதற்குக் கிடைத்தது மொத்தமே 25 பவுண்டு. வாங்கியவர்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். அதனால்தான் இன்று அந்த மலருக்கு அவ்வளவு விலை. நம்மிடமும் அதே கதைதான். தேவன் எழுதிய சாம்பு முதலில் துப்பறிந்தது விகடன் பக்கங்களில். அதற்கப்புறம் வந்த எத்தனையோ துப்பறிவாளர்களுக்கும் பிறந்த வீடு வாரப்பத்திரிகைதான். வாராவாரம் கிழித்து வைத்து, தொடர் முடிந்ததும் நம் வீட்டுப் பெண்கள் தைத்து வைத்தார்களே, அதுதான் நம் முதற்பதிப்பு. அட்டையும் பதிப்பாண்டும் இல்லாததால் உங்களைப் போன்றவர்கள் அதைத் தொடுவதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தொட்டார். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை அள்ளிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் வாங்கியது. அதிலிருந்துதான் சென்னையில் அவர் பெயரிலுள்ள நூலகம் பிறந்தது.

பரணிலிருந்து இறக்கினேன் என்றேனே, அது என் அப்பத்தா தைத்தது. மதுரையில் வடக்குமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் அப்போது குடியிருந்தோம். அப்பத்தா அஞ்சாப்பு வரை படித்தவள். கோணி ஊசி, சணல். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து கிண்டி அட்டை ஒட்டுவாள், பூச்சி வராது. இத்தனை வருடத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. ஒரு துப்பறியும் தொடர், 37 வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் பின்பக்கம் கூந்தல் தைலமோ பல்பொடியோ ஏதாவது விளம்பரம்.

22ஆம் வாரம் மட்டும் இல்லை. எதிர்வீட்டு அக்கா அந்த இதழை இரவல் வாங்கிப்போய், படித்து முடித்து, மொட்டைமாடியில் அதை விரித்து அப்பளம் காயப்போட்டுவிட்டார். அப்பத்தா சண்டை போடவில்லை. அக்காவைத் திண்ணையில் உட்காரவைத்து, அந்த வாரம் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லி, கணக்கு நோட்டில் கிழித்த நான்கு தாளில் எழுதி, 21க்கும் 23க்கும் நடுவில் வைத்துத் தைத்துவிட்டாள்.

பல வருடம் கழித்து ரோஜா முத்தையா நூலகத்தில் அந்த இதழ் என் கைக்கு வந்தது. அச்சில், வேலைக்காரப் பெண் நகையைத் திருடி அகப்பட்டு, துப்பறிவாளர் அவளைப் போலீசில் ஒப்படைக்கிறார். அப்பத்தா எழுதியதில் அவர், “ஏம்மா, சாப்பிட்டியா?” என்று கேட்கிறார். நகையை வாங்கிக்கொண்டு, அவளை மேலூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார். எதிர்வீட்டு அக்கா மாற்றிச் சொன்னாரோ என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து 23ஆம் வாரத்தைப் புரட்டினேன். அந்தப் பெண் லாக்கப்பில் அழுகிற நான்கு வரியை நீல மையால் அடித்திருக்கிறாள், என் அப்பத்தா.

சென்னையிலிருந்து ஒரு நண்பர் வந்தார், உங்களைப் போலச் சேகரிப்பவர். அசல் பக்கங்களை நகல் எடுத்துத் தருகிறேன், கையெழுத்துத் தாளைப் பிரித்துவிட்டு அதைச் செருகினால் தொகுதி முழுமையாகிவிடும் என்றார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்தது கடைசி வரியில்தான். அலமாரிப் பக்கம் விடாமல் அந்தப் பிள்ளைகளுக்கு எதை மிச்சம் வைக்கப்போகிறீர்கள், சாவியையா? சித்திரைத் திருவிழாக் கூட்டம் வடிந்ததும் ஒருநாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 22ஆம் வாரத்தை அவர்களே வாசிக்கட்டும். அப்பத்தாவுக்கு ‘ர’வும் ‘ற’வும் ஒன்றுதான், கொஞ்சம் தடுமாறுவார்கள்.