தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு கல்லூரியில் கால்குலஸ் (நுண்கணிதம்) எடுத்தால் சமாளிக்க முடியுமா?

தாராளமாக முடியும். நானும் தர்மபுரி பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன்தான், முதல் மாதம் முழுக்க 'டெரிவேட்டிவ்' என்று கேட்டு முழித்துவிட்டு, அது பிளஸ் ஒன்னில் போட்ட அதே வகைக்கெழுதான் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. லிமிட் என்றால் எல்லை, இன்டெக்ரல் என்றால் தொகையீடு, அவ்வளவுதான்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் இதை யோசியுங்கள். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற பஸ்ஸின் மொத்த தூரத்தை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி வேகம். ஆனால் காரிமங்கலத்தைத் தாண்டும் அந்த நொடியில் டிரைவர் முன்னால் இருக்கும் ஸ்பீடோமீட்டர் முள் காட்டுவது வேறு. அந்த முள் காட்டும் வேகம்தான் வகைக்கெழு. ஒரு வண்டி கடக்கும் தூரம், நேரத்தின் வர்க்கம் என்று வைப்போம். 3 முதல் 3.1 நொடி வரை சராசரி வேகம் 6.1, 3.01 வரை என்றால் 6.01, இடைவெளி சுருங்கச் சுருங்க 6-ஐ நெருங்கும். எல்லை என்று சொல்வது இதைத்தான்.

அப்புறம் ஒன்று, நான் பார்த்தவரை பலர் சறுக்குவது கால்குலஸில் இல்லை, பின்னம், காரணிப்படுத்தல், முக்கோணவியல் இதெல்லாம் மறந்துபோனதில்தான். பழைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.